சைலன்சர் மணமும் ஆக்ஸிஜன் சென்சாரும்: குமரி மாவட்டத்துக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் கார்களுக்குக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது என் வேலை. வண்டி வடசேரியிலிருந்து வந்தாலும் குளச்சலிலிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பெட்ரோல் கார்களைப் பற்றியது. டீசலுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

காலையில ஸ்டார்ட் பண்ணுனா பின்னாடி பெட்ரோல் மணக்குது, கொஞ்ச நேரத்துல போயிருது. இது கோளாறா?

இல்லை. குளிர்ந்த எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் விடும். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது பட்டறையில் நாங்கள் கேட்கான் என்று சொல்வது, 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை எரியாத பெட்ரோல் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். நம்ம ஊரில் குளிர் பெரிதாகக் கிடையாது என்பதால் ஓரிரு நிமிடத்தில் மணம் அடங்கிவிட வேண்டும். பார்வதிபுரம் பாலம் ஏறி இறங்கி, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகும் மணம் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

காலையில் சைலன்சர் முனையில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். குழாய் சூடேறும்வரை அது துளியாகச் சொட்டும், பிறகு ஆவியாகப் போய்விடும்.

ஆக்ஸிஜன் சென்சாருன்னு எல்லாரும் சொல்லுகாங்க. அது எங்க இருக்கு, என்ன செய்யும்?

எஞ்சினை விட்டுப் புகை வெளியேறும் குழாயில் திருகி மாட்டியிருக்கும். பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் படிநிலைகள்) பெட்ரோல் கார்களில் பொதுவாக இரண்டு இருக்கும்: கேட்கானுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதுதான் கலவையைத் தீர்மானிக்கும். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடிப்போனால் அதை ரிச் என்போம், காற்று கூடிப்போனால் லீன். ரிச் ஆனால் புகையில் ஆக்ஸிஜன் குறையும், சென்சார் 0.8, 0.9 வோல்ட் காட்டும். லீன் ஆனால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு இறங்கும். நடுக்கோடு 0.45. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஈசிஎம் பெட்ரோலை ஏற்றி இறக்குகிறது. அதனால் நல்ல சென்சாரின் வோல்ட் ஒரே இடத்தில் நிற்காது, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும்.

பின்னால் இருப்பது முக்கியமாக மேற்பார்வைக்கு. கேட்கான் ஒழுங்காக வேலை செய்தால் இது அதிகம் ஆடாமல் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிற்கும். இரண்டு சென்சாருக்கும் உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு, 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அவை பேசத் தொடங்கும் என்பதால். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டிவரும்: சென்சார் அளப்பது ஆக்ஸிஜனை மட்டும்தான். பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை.

மணத்த வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிர முடியுமா அண்ணே?

கோளாறைச் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதைச் சொல்லலாம். அதற்கும் மணத்தோடு இன்னும் சில விவரம் வேண்டும்: வண்டி சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா, நிற்கும்போதா ஓடும்போதா, பின்னால் நின்றாலா உள்ளே உட்கார்ந்தாலா. இதைக் கவனித்து வந்து சொல்கிறவர்களின் வண்டி சீக்கிரம் திரும்பிப் போய்விடும்.

சைலன்சர் முனையில் கண்ணை எரிக்கிற பெட்ரோல் மணம் என்றால் எஞ்சினுக்குள் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர், இல்லையென்றால் ரிச் கலவை. அதே மணம் பானெட்டுக்குள்ளிருந்தோ பின் சீட்டுப் பக்கமோ வந்தால் அது புகையே அல்ல, பெட்ரோல் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் மணந்தால் பம்ப்பில் ஆட்டோ கட் ஆன பிறகும் ரவுண்டு தொகைக்காக அடித்திருப்பார்கள். டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று உண்டு. மிச்சப் பெட்ரோல் அதற்குள் போனால் டப்பா கெடும், கலவையும் ரிச் ஆகும். பத்து இருபது ரூபாய்க்காக அந்த வேலை வேண்டாம்.

எண்ணெய் கருகும் மணம், ஆனால் பின்னால் புகை இல்லை என்றால் வால்வு கவர் கேஸ்கட் வழியாக ஆயில் ஒழுகி, எஞ்சினோடு ஒட்டிய சூடான புகைக்குழாயான மேனிஃபோல்டில் விழுகிறது. நீலப் புகையும் சேர்ந்து வந்தால் ஆயில் உள்ளேயே எரிகிறது, அது ரிங் அல்லது வால்வு சீல். இனிப்பான மணமும் அடங்காத வெள்ளைப் புகையும் வந்து கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். சிஎன்ஜி வண்டியில் வெங்காயம் அழுகின மாதிரி மணந்தால் வாயு கசிகிறது. கசிவு தெரிவதற்காகவே அந்த மணத்தைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிக் கருகல் என்றால் முதலில் அடியில் குனிந்து பாருங்கள். ரோட்டில் கிடந்த கவர் சைலன்சரில் ஒட்டி உருகியிருக்கும். பட்டறைக்கு வருகிற கருகல் புகாரில் இதுதான் செலவே இல்லாதது.

அழுகுன முட்டை நாத்தம் அடிக்குது. பெட்ரோல் பங்க்காரன் கலப்படம் பண்ணிட்டானா?

அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது. பெட்ரோலில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்ஸைடு ஆகும். கலவை ரிச் ஆக இருந்தால் கேட்கானுக்குள் அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறிவிடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 பெட்ரோல்தான். அதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; முன்னால் பிஎஸ் 4-இல் ஐம்பது பங்கு வரை விட்டிருந்தார்கள். ஆகவே இந்த நாற்றம் இப்போது குறைந்திருக்க வேண்டும். ஓவர்டேக் பண்ண ஒரு மிதி மிதித்தபோது லேசாக வந்துபோனால் விட்டுவிடலாம். தினமும் வந்தால் வண்டி ரிச் ஆக ஓடுகிறது, அல்லது கேட்கான் களைத்துவிட்டது. ஒரே பங்க்கில் அடித்த பிறகு மட்டும் வருகிறது என்று தோன்றினால் இரண்டு டேங்க் வேறு பங்க்கில் அடித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் யாரையும் திட்ட வேண்டாம்.

கேட்கானைக் குற்றம் சொல்வதற்கு முன் பேட்டரியையும் பாருங்கள். ஆல்டர்னேட்டர் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கொதித்து இதே நாற்றத்தை விடும். நாற்றம் பின்னால் இல்லாமல் பானெட்டைத் திறந்ததும் அடித்தால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது.

எஞ்சின் லைட்டு எரியுது. மெக்கானிக்கு ஸ்கேனர் போட்டு சென்சார் போச்சுன்னு சொல்லுகாரு. மாத்திரலாமா?

என்ன கோடு, அதாவது ஸ்கேனர் காட்டும் கோளாறு எண், வந்தது என்று கேளுங்கள். கோடில் ஆக்ஸிஜன் சென்சார் பெயர் இருப்பதால் மட்டும் சென்சார் கெட்டது என்று ஆகாது. பி0135, பி0141 என்றால் ஹீட்டர் மின்சுற்று. முந்தையது முன் சென்சார், பிந்தையது பின் சென்சார். ஹீட்டர் கோடுகளில் சென்சார் உண்மையாகவே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனாலும் ஃபியூஸையும் வயரையும் பார்த்த பிறகுதான். பி0133 என்றால் முன் சென்சார் மந்தமாகிவிட்டது. பி0134 என்றால் அசைவே இல்லை, பெரும்பாலும் வயரோ, வயரை இணைக்கும் கப்ளரோ.

பி0171 லீன், பி0172 ரிச். இந்த இரண்டிலும் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து புகார் சொல்லியிருக்கிறது. அதைக் கழற்றிப் புதிது போட்டால் புதிதும் அதே புகாரைத்தான் சொல்லும். சென்சார் மாற்றியும் சரியாகாமல் எங்களிடம் வருகிற வண்டிகளில் அதிகம் இந்த ரகம்தான். பி0420 தனிக் கதை, கீழே இருக்கிறது.

பேட்டரி வயரக் கழட்டி மாட்டுனா லைட்டு போயிருதே, அது போதாதா?

லைட்டு போகும், கோளாறு போகாது. அதோடு ஈசிஎம் உங்கள் வண்டிக்கென்று கற்றுவைத்த பெட்ரோல் திருத்தக் கணக்கும், கோடு விழுந்த நேரத்தில் என்ன வேகம், என்ன சூடு என்று பதிந்துவைத்த விவரமும் சேர்ந்து அழியும். எங்களுக்குத் துப்பு கொடுப்பதே அந்த விவரம்தான். சில நாள் ஓட்டியதும் லைட்டு திரும்ப வரும். பட்டறைக்குக் கொண்டுவருகிற அன்று காலையில் மட்டும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அப்போ சென்சார் நல்லா இருக்கா இல்லையான்னு எப்படித்தான் பாக்குறது?

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஸ்கேனரில் முன் சென்சாரின் வோல்ட்டை வரைபடமாக வரைய விட வேண்டும். 2,000 ஆர்பிஎம் பக்கம் பிடித்தால் வரைபடம் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விறுவிறுவென்று ஏறி இறங்க வேண்டும். சட்டென்று ஒரு ரேஸ் கொடுத்தால் 0.8-க்கு மேல் தாவும். காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், உடனே 0.1 பக்கம் விழும். இரண்டுக்கும் உடனுக்குடன் பதில் சொன்னால் சென்சார் பிழைத்தது. சோம்பலாக ஏறினாலோ நடுவிலேயே நின்றாலோ சந்தேகப்படலாம். சில கார்களில் முன்னால் வைட்பேண்டு வகை சென்சார் இருக்கும். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, ஸ்கேனரில் லாம்டா மதிப்பைத்தான் (கலவை சரியாக இருந்தால் 1, ரிச் என்றால் அதற்குக் கீழே, லீன் என்றால் மேலே) பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃப்யூல் ட்ரிம் என்கிற சதவீதம். கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலை ஈசிஎம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். கூட்டல் கழித்தல் பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. கூட்டல் இருபது என்றால் எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் பத்தவில்லை. கழித்தல் இருபது என்றால் எங்கோ பெட்ரோல் மிஞ்சுகிறது. ஐடிலிங்கில் மட்டும் கூட்டல் அதிகமாகி, ரேஸ் கொடுத்தால் சரியானால், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு. ஒரு பொருளும் வாங்காமல் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஸ்கேனரில் கோடை மட்டும் படித்துவிட்டு மூடுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நமக்குக் கடல்கரை வீடு, முட்டம் பக்கம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க சைலன்சர் போகுது. அதுக்கும் சென்சாருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல், கன்னியாகுமரி வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அடிப்பக்கம்தான். உப்புக்காற்றில் ஃப்ளேஞ்ச் போல்ட்டும், வெல்டிங் இணைப்பும், வலைபோட்ட ஃப்ளெக்ஸ் பைப்பும்தான் முதலில் அரிக்கும். சிறு ஓட்டை விழுந்தால் புகை வெளியே வருவது மட்டும் நடப்பதில்லை. எஞ்சின் புகையைத் தவணை தவணையாகத் தள்ளுகிறது. இரண்டு தள்ளலுக்கு இடையில் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும், அப்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஓட்டை முன் சென்சாருக்கு முன்னாலோ பக்கத்திலோ இருந்தால் அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சென்சார் எண்ணிவிடும். லீன் என்று நினைத்து ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், பின்னால் பெட்ரோல் மணக்கும், சென்சாரின் பெயர் கெடும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வண்டி ஆறியிருக்கும்போது இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். இன்னொருவர் தடித்த ஈரத்துணியால் சைலன்சர் முனையைச் சில நொடி மட்டும் அழுத்திப் பிடிக்கட்டும். கசிகிற இடத்தில் குமிழி வரும், புஸ்ஸென்று சத்தமும் கேட்கும். பழைய கசிவு என்றால் இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டால் சைலன்சருக்கு ஆயுள் கூடும். மேலே பாலிஷ் போடுகிற அளவுக்கு யாரும் கீழே குனிவதில்லை.

மழைத்தண்ணிக்குள்ள வண்டி போச்சு. மறுநாளே சென்சார் லைட்டு. தண்ணி பட்டா போயிருமா?

போகலாம். சென்சாரின் உள்பகுதி பீங்கான். நல்ல சூட்டில் இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் அடித்தால் விரிசல் விடும். ஆனால் அதைவிடச் சாதாரணமாக நடப்பது கப்ளருக்குள் தண்ணீர் போவது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பச்சைக் களிம்பு பிடித்த கப்ளர் பின்னுக்குக் குறைவில்லை. கழற்றி, காய வைத்து, பின்னைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். கப்ளருக்குள் கிரீஸை அப்ப வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை அந்த வயர் வழியாகத்தான் உள்ளே இழுக்கின்றன. வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டக் கூடாது என்று சொல்வதும் அதனால்தான்.

எலியையும் மறக்காதீர்கள். தோப்புக்குள் வீடு, ரப்பர் விளை ஓரம் ஷெட் என்றால் மழைக்காலத்தில் சூடான எஞ்சின் மேல்தான் அது படுக்கும். பாதி கடித்த வயர் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது.

சென்சாரக் கழட்டி பெட்ரோல்ல ஊறப்போட்டா சரியாகும்னு வீடியோவுல காட்டுகான்.

மேலே ஒட்டிய கரி போகும். கரி எப்படி வந்தது என்பது அப்படியே இருக்கும். ரிச் கலவையைச் சரிசெய்தால் அந்தக் கரி சூட்டில் தானாகவே எரிந்துபோகும், ஊறப்போடத் தேவையே இல்லை. வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் சிலிக்கான் விஷம்: எஞ்சினில் கண்ட சிலிக்கோன் பேஸ்ட்டையும் பூசியதாலோ, கூலன்ட் உள்ளே கசிந்து எரிவதாலோ வந்திருக்கும். அதற்கு எந்தக் குளியலும் உதவாது. பேஸ்ட் போடச் சொன்னால் சென்சாருக்குக் கேடில்லாத வகை என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள்.

புதுசு போடும்போது என்ன கவனிக்கணும்? எவ்வளவு ஓடும்?

ஹீட்டர் உள்ள சென்சார் சாதாரணமாக ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். உங்கள் வண்டியின் பார்ட் நம்பர் பார்த்து, அதற்கான கப்ளரோடு வருவதை வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று வயரை வெட்டி இணைக்கச் சொல்லும் மலிவுச் சரக்கு வேண்டாம்; காரணம் மேலே சொன்னதுதான். பழையதைக் கழற்ற எஞ்சின் வெதுவெதுப்பாக இருப்பது நல்லது, துருப்பிடித்த மரை அப்போதுதான் இளகும். வயருக்கு வழிவிடும் பிளவு வைத்த சாக்கெட் கிடைக்கிறது, பெரும்பாலும் 22 மிமீ. புது சென்சாரின் மரையில் பேஸ்ட் தடவியே வரும். அது முனையில் படக் கூடாது.

பி0420 வந்திருக்கு. கேட்கான எடுத்துட்டு வெறும் பைப்பு வச்சிரலாம்னு ஒருத்தர் சொல்லுகாரு. செலவு கம்மி.

பி0420 என்றால் பின் சென்சாரும் முன் சென்சார் போலவே ஆடத் தொடங்கிவிட்டது, அதாவது புகை கேட்கானைச் சும்மா கடந்துபோகிறது. உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு வேலை செய்யவில்லை என்று ஈசிஎம் முடிவு கட்டுகிறது. ஆனால் இரண்டு சென்சாருக்கும் நடுவில் ஓட்டை இருந்தாலும் இதே கோடு வரலாம். முட்டத்துக்காரருக்குச் சொன்ன சோப்புத் தண்ணீர்ச் சோதனையை முதலில் செய்யுங்கள். அப்புறம் கேட்கானை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் பூச்சைத் தாங்கும் தேன்கூடு வடிவப் பகுதி உடைந்துவிட்டது, சந்தேகம் வேண்டாம்.

கேட்கான் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் எஞ்சின்தான் அதைக் கொல்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது அதற்குள் தீப்பிடிக்காமல் போனால், எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரியும், பூச்சும் தேன்கூடும் உருகும். அதனால்தான் எஞ்சின் லைட்டு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வது. அதைச் சரிசெய்யாமல் புது கேட்கான் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

வெறும் பைப் வைப்பது சட்டப்படி தப்பு. பின் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைத்து ஏமாற்றுகிற வேலையும் இதோடு சேர்ந்ததுதான். அதைச் சொல்லித்தருகிற ஆள் நான் அல்ல.

புகை டெஸ்ட்டுல பாஸ் ஆயிட்டு. அப்போ சென்சார் நல்லதுதானே?

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது வரம்பு. 2,500 ஆர்பிஎம் பக்கம் பிடித்து லாம்டா 0.97 முதல் 1.03-க்குள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல கேட்கான் இருந்தால் மந்தமான சென்சாரின் தப்பை அது கொஞ்ச காலம் மூடி மறைத்துவிடும், சீட்டில் நல்ல எண்ணே வரும். ஆனால் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை லாம்டா எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட உதவும்.

ஈ20 பெட்ரோல் வந்த பிறகுதான் இந்த மணமெல்லாம்னு சொல்லுகாங்களே?

மணம் கொஞ்சம் மாறியிருக்கும், அது உண்மை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் 14.7 என்ற கணக்கு இருபது சதவீதம் எத்தனால் கலந்ததும் 13.5 பக்கம் இறங்கும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். நல்ல சென்சார் இருந்தால் ஈசிஎம் அதைச் சமாளித்துவிடும், ஃப்யூல் ட்ரிம் கூட்டல் பக்கம் சில புள்ளி நகரும். ஏற்கெனவே கூட்டல் பத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த வண்டிக்கு பி0171 விழுந்துவிடும். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ்களையும் ஒரு முறை பாருங்கள். ஈ20-க்கென்று செய்யாத ரப்பர் ஊறி வெடிப்பு விட்டால் கசிவு மணம் வரும்.

காருக்குள்ள புகை மணம். கொஞ்ச தூரம் ஓட்டுனா தலைவலி வேற.

இந்தக் கேள்வியைக் கேட்டால் கையில் உள்ள வேலையை விட்டுவிடுவேன். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது. நீங்கள் முகர்வது அதோடு கூட வருகிற மற்ற புகையை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கண் சொக்குதல் வந்தால் வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். குழந்தையோ வயதானவரோ சோர்ந்துபோனால் நேராக ஆஸ்பத்திரி. வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், அது உங்கள் புகைதானா? மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் மணந்து, ஏசியை உள்காற்றுக்கு மாற்றியதும் நின்றால் அது பஸ்ஸின் புகை. ஆளில்லாத ரோட்டிலும் வந்தால் உங்களுடையது. மேனிஃபோல்டு கேஸ்கட், ஃப்ளெக்ஸ் பைப், டிக்கி ரப்பர், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் வயர் போகும் துளை அடைப்புகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். வாழைக்குலை ஏற்றி டிக்கியைத் திறந்துவைத்து ஓட்டுகிறவர்கள் கவனிக்க: ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைவு, சைலன்சர் புகை அந்தத் திறப்பு வழியாக உள்ளே சுருட்டிக்கொண்டு வரும்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க ராத்திரியே வந்து, ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டு காருக்குள் தூங்குகிறார்கள். செய்யாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் அதே ஆபத்துதான்.

மாறாமலை, கீரிப்பாறை பக்கம் இறங்கும்போது கருகின மணம் வருகுதே?

அது புகைக்குழாய் அல்ல. பிரேக் சூடாகிவிட்டது. ஏற்றத்தில் வந்தால் கிளட்ச். அந்த மலையில் ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்குங்கள்.

என்னோடது டீசல். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பாதி பொருந்தும். பிஎஸ் 6 டீசலில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது நிறைந்ததும் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியை வண்டியே எரித்துவிடும். அப்போது சூடான இரும்பு மணமும், கூடுதல் ஐடிலிங் வேகமும், அணைத்த பிறகும் ஓடும் ஃபேனும் சாதாரணம். கோட்டாறு, வடசேரி என்று டவுனுக்குள்ளேயே நாலு கிலோமீட்டர் ஓட்டி அணைத்தால் அந்த வேலை பாதியில் நிற்கும். டிபிஎஃப் லைட்டு வந்தால் ஆரல்வாய்மொழி பக்கம் நாலுவழிச் சாலையில் பதினைந்து இருபது நிமிடம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள். அந்தச் சூட்டோடு காய்ந்த ரப்பர் இலை மேல் மட்டும் நிறுத்தாதீர்கள், ஜனவரி, பிப்ரவரியில் விளை முழுக்க இலைதான். மூக்கைத் துளைக்கிற அமோனியா நெடி வந்தால் டிஇஎஃப் என்ற யூரியாத் திரவம் ஊற்றும் வண்டிகளில் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர்ல லீன்னு காட்டுது, பின்னாடி நின்னா பெட்ரோல் மணம் மூக்கப் பொளக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்? மெஷின் பொய் சொல்லுகா?

மெஷின் பொய் சொல்லவில்லை. சென்சார் ஆக்ஸிஜனை மட்டும்தான் அளக்கும் என்று முன்னால் சொன்னது இங்கேதான் உதவும். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்று வையுங்கள். அதற்குள் போன பெட்ரோலும் எரியவில்லை, காற்றும் எரியவில்லை, இரண்டும் அப்படியே வெளியே வருகின்றன. சென்சாருக்குக் காற்று மட்டும் தெரியும், உங்கள் மூக்குக்குப் பெட்ரோல் மட்டும் தெரியும். சென்சாரை நம்பி ஈசிஎம் எல்லாச் சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது, மணம் இன்னும் ஏறுகிறது. முன்குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே நாடகம்தான்.

இரண்டையும் பிரிக்க, ஐடிலிங் ஆட்டத்தைக் கவனியுங்கள். எஞ்சின் குலுங்கி, பி0301 முதல் பி0304 வரை ஏதாவது கோடு கூட இருந்தால் மிஸ்ஸிங். கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதுக்கு மாற்றி மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் திருடன். அங்கேயே நின்றால் பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். எஞ்சின் வழுக்கிக்கொண்டு ஓடி, மிஸ்ஸிங் கோடும் இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். இரண்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் சென்சாருக்குக் காசு செலவழியுங்கள்.